திரைநாட்டுக்குக் கதவு வழங்கிய வரலாறு

கலங்கல் ஆற்றின் வடகரையில் தாழகம் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் மன்னனைவிடப் பெரியது ஒன்று உண்டு. அது சாத்திய கதவு. ஒரு வீட்டின் கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டிருந்தால், உள்ளிருப்பவர் திறக்காதவரை, வரி தண்டுபவனும் நுழையக் கூடாது, படைவீரனும் நுழையக் கூடாது, அரசனும் நுழையக் கூடாது. இது எழுதிவைத்த சட்டம் அன்று. எழுதியிருந்தால் யாராவது திருத்தியிருப்பார்கள். முடிசூட்டு விழாவின் முதல் சடங்காகவே இது தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது. முடிசூடப் போகிறவர் செருப்பில்லாத காலோடு ஏதேனும் ஒரு குடியானவர் வீட்டு வாசலுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். திறக்கும்வரை நிற்க வேண்டும். திறந்தவர் ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்பார். அதைக் குடித்த பிறகுதான் முடி.

அப்போது ஆண்டுகொண்டிருந்த பரந்தநெஞ்சர் தட்டிய வீட்டில், ஒரு பெண்மணி தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தாள். "யாரது? கண்ணுல சீயக்காய் போயிடுச்சு, நில்லுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மன்னர் நின்றார். வெயில் ஏறியது, பரிவாரத்தின் குடைகள் மன்னருக்குப் பிடிக்கப்படலாகாது என்பதும் சடங்கின் பகுதி. அவள் கூந்தலை உலர்த்தி முடிந்து வந்துதான் தண்ணீர் கொடுத்தாள். பரந்தநெஞ்சர் அதைப் பற்றி யாரிடமும் குறைகூறவில்லை. ஆனால் அன்றுமுதல் கதவுகளைக் குறித்து அவர் நிறையச் சிந்திக்கலானார்.

அந்த நாட்டின் ஆற்றங்கரைத் தெருவில் செங்கோதை என்னும் பாய் வியாபாரி வாழ்ந்தாள். கணவன் இறந்து நெடுநாளாகிவிட்டது. பெற்றோர் விட்டுச்சென்ற தம்பி அதியனைத் தோளில் சுமந்து வளர்த்தவள் அவள். இப்போது அவன் அவளைவிட ஒரு முழம் உயரம். அவன் படகு ஓட்டுவான். அவள் தென்கரைக்குப் போய் வெல்லமும் விளக்கெண்ணெயும் கொடுத்துவிட்டுக் கோரைப்பாய் எடுத்துவருவாள். தென்கரையில் இருந்தது திரைநாடு. அங்கே பாய் முடையும் குவளை என்ற பெண்ணை அதியன் மணப்பதாக இரு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள். இரண்டு நாட்டையும் ஆள்பவர்களுக்கு இந்தச் செய்தி தெரியாது; தெரிவிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஒருநாள் செங்கோதைக்கு அரசவையிலிருந்து அழைப்பு வந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவையில் ஏரிக்கரை உடைப்பைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தலைநகரின் பெரிய ஏரிக்கு இரண்டு மழைக்காலமாகக் கரை இல்லை. யார் கட்டுவது, எங்கே மண் எடுப்பது, உடைந்தது யார் குற்றம் என்ற கேள்விகளில் அவை களைத்துப்போயிருந்தது. அப்போது அயலார் துயர் அமைச்சர் தொலைநோக்கனார் எழுந்தார். உள்ளூரார் துயருக்கு அந்த நாட்டில் தனி அமைச்சர் இல்லை. அது எல்லா அமைச்சர்களுக்கும் பொதுவானதாகையால் யாருக்கும் உரியதாக இருக்கவில்லை.

"மன்னா, நாம் ஒரு கரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், ஆற்றுக்கு அப்பால் ஒரு மக்கள்கூட்டமே கதவில்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறது" என்றார்.

அவை நிமிர்ந்து உட்கார்ந்தது. கரையைப் பற்றிய பேச்சு முடிந்ததில் எல்லோருக்கும் நிம்மதி.

செங்கோதை முன்னே நிறுத்தப்பட்டாள்.

"அம்மணி, நீ திரைநாட்டுக்குப் போய்வருபவள்தானே?"

"ஆமாங்க. சந்தைக்குப் போவேன்."

"அங்கே வீடுகளுக்குக் கதவு உண்டா?"

"இல்லீங்க. கோரைத் திரைதான் தொங்கும். ஆனா—"

"'ஆனா' என்பது சாட்சியம் ஆகாது. அது சாட்சியின் கருத்து. கதவில்லாத வீட்டில் அவர்கள் எப்படி உறங்குகிறார்கள்?"

"நல்லாத்தான் தூங்குறாங்க. சாயங்காலம் தெக்கேருந்து ஒரு காத்து வரும் பாருங்க, வீட்டுக்குள்ள பூந்து இந்தப் பக்கமா வெளியே போகும். அதுக்குத்தான் திரை."

தொலைநோக்கனார் அவையை நோக்கித் திரும்பினார். "வீட்டுக்குள் எது வேண்டுமானாலும் புகுந்து வெளியேறுகிறது. கேட்டீர்களா?"

முதிய உறுப்பினர் ஒருவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவர்களுடைய தலைவன் நல்லவனா?" என்று மன்னரே கேட்டார்.

செங்கோதை யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வராது. "நல்லவன்னு சொல்ல முடியாதுங்க. அறுப்புக்கு அறுப்பு ஒசத்திப் பாயா எடுத்துக்குவான். சனங்க நல்ல பாயை உமிக்குள்ள ஒளிச்சு வச்சிட்டு அவனைப் பாத்துச் சிரிப்பாங்க. அவனை எப்படிச் சமாளிக்கிறதுன்னு அவங்களுக்குத் தெரியும்."

"கொடுங்கோலன்" என்றார் படைத்தலைவர் முன்செல்வார், சுருக்கமாக.

"ஐயா, ஒண்ணு சொல்லிக்கிறேன்" என்றாள் செங்கோதை. "கதவு வேணும்னா அவங்க என்கிட்டக் கேட்டிருப்பாங்க. நான் வியாபாரி. படகுல ஏத்திட்டுப் போய் வித்திருப்பேன். இத்தனை வருசத்துல ஒருத்தர்கூடக் கேக்கலை."

தொலைநோக்கனார் கனிவோடு புன்னகைத்தார். "தமக்கு என்ன வேண்டும் என்பதையே அறியவிடாமல் வைக்கப்பட்ட மக்கள், மன்னா."

அவையில் எயினர் என்றோர் உறுப்பினர் இருந்தார். அவர் மட்டும் எழுந்தார். "நம் ஏரியின் எந்த மதகு அடைத்திருக்கிறது என்பதே நமக்குத் தெரியவில்லை. அயலான் வீட்டு வாசலில் எது குறை என்று நமக்கு எப்படித் தெரியும்? அவன் நம் ஆற்றைத் தாண்டி வந்தால் எதிர்த்து நிற்போம். வராதவனிடம் பண்டம் மாற்றுவோம். அதற்கு மேல் நமக்கு அங்கே வேலை இல்லை. நம் சாத்திய கதவுக்கு ஒரு மதிப்பு உண்டென்றால் அவர்களுடைய தொங்கும் திரைக்கும் அதே மதிப்புத்தான்."

"எயினர் திரைநாட்டுத் தலைவனின் நண்பரோ?" என்றார் முன்செல்வார்.

"நான் அவரைப் பார்த்ததே இல்லை."

"பார்க்காமலே இவ்வளவு நட்பு!"

அவை சிரித்தது. எயினர் உட்கார்ந்தார். அதன் பிறகு அவருடைய பெயருக்கு முன்னால் 'கதவு வெறுப்பாளர்' என்ற அடைமொழி சேர்ந்துகொண்டது. அவருடைய வீட்டிலும் கதவு இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

திரைநாட்டுக்குக் கதவு வழங்குவது என்று அன்று முடிவாயிற்று. 'போர்' என்ற சொல்லை யாரும் பயன்படுத்தவில்லை. அதற்குக் 'கதவளிப்பு' என்று பெயர் சூட்டப்பட்டது. படையெடுப்புக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அதை எதிர்ப்பவன் அந்தப் பெயரை எதிர்க்க வேண்டியதாகிவிடுகிறது. கதவளிப்பை எதிர்ப்பவன் கதவையும் அளிப்பையும் சேர்த்தே எதிர்க்க வேண்டும். அவ்வளவு கல்நெஞ்சக்காரர்கள் தாழகத்தில் அதிகமில்லை.

அவ்வளவு கதவுக்கு மரம் எங்கே இருந்தது? இல்லை. ஆகவே முதல் ஆணை முரசறைந்து அறிவிக்கப்பட்டது: ஒவ்வொரு வீடும் தன் பின்கதவைத் தரவேண்டும். முன்கதவு இருக்கும்போது பின்கதவு ஆடம்பரம் என்று ஆணை விளக்கியது.

செங்கோதையின் வீட்டுப் பின்கதவைக் கழற்ற வந்தவர்களுக்கு அதியன் கீலைப் பிடித்துக்கொடுத்தான்.

"அக்கா, உன் வாயால வந்த வினையைப் பாத்தியா? போய்ப் பேசிட்டு வான்னா படையையே கிளப்பிட்டு வந்திருக்க."

"நான் எங்கடா பேசினேன்? பேச விட்டாத்தானே."

"'ஆனா' வரைக்கும் பேசினியாமே. ஊரே சொல்லுது."

அவள் கையிலிருந்த விளக்குமாற்றை ஓங்கினாள். அவன் சிரித்துக்கொண்டே விலகினான். பின்வாசல் வழியாக ஆறு தெரிந்தது. அவர்கள் வீட்டில் நின்றபடி ஆற்றை இத்தனை அகலமாகப் பார்த்தது அதுவே முதல்முறை. அதியன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தென்கரையைப் பார்த்தான்.

"குவளை வீட்டுக்கும் கொண்டுபோய் மாட்டுவாங்களாக்கா?"

"எல்லா வீட்டுக்கும்தான்னு சொல்றாங்க."

"அவளுக்குப் புழுங்கினா ஆகாது" என்றான் அவன்.

படை ஆற்றைக் கடந்தது. திரைநாட்டுத் தலைவன் எதிர்த்து நிற்கவில்லை, குன்றுகளுக்கு ஓடிவிட்டான். தாழகத்தில் வெற்றிவிழா கொண்டாடப்பட்டது. கரை இல்லாத ஏரியின் நடுவே நீர் இல்லாத இடத்தில் பந்தல் போட்டார்கள். கரை இல்லாதது அதற்கு வசதியாக இருந்தது.

ஆனால் திரைநாட்டார் கதவை என்ன செய்வது என்று அறியாமல் விழித்தார்கள். மாட்டிய அன்று மாலையே காற்று நின்றுபோயிற்று. குழந்தைகள் வேர்த்து அழுதன. மறுநாள் காலையில் பாதிக் கதவுகள் கழற்றப்பட்டு முற்றத்தில் கிடந்தன. சிலர் அவற்றின்மேல் கோரை உலர்த்தினார்கள். சிலர் நான்கு கல் வைத்துக் கட்டிலாக்கினார்கள். மிச்சம் பேர் அடுப்பெரித்தார்கள். கழற்றியவர்களைப் படைவீரர்கள் தண்டித்தார்கள். தண்டிக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கல்லெறிந்தார்கள். கல்லெறிந்தவர்களைத் தேடி வீரர்கள் வீடு வீடாக நுழைந்தார்கள். உமிக்குள் பாயை ஒளித்துவைத்துத் தலைவனைப் பார்த்துச் சிரித்த அதே மக்கள், இப்போது அவனுக்குக் கூழும் கருவாடும் குன்றுக்குச் சுமந்துபோனார்கள். ஓடிப்போன ஒரு பாய்த்திருடன் அந்தக் கோடைக்குள் மாவீரன் ஆகிவிட்டான்.

"நம் கதவுகளை அவர்கள் ஏன் வெறுக்கிறார்கள்?" என்று பரந்தநெஞ்சர் உண்மையான துயரத்தோடு கேட்டார்.

"கதவு போதவில்லை, மன்னா" என்றார் தொலைநோக்கனார். "வீட்டுக்கு ஒன்று வைத்தோம். திரைநாட்டு வீட்டுக்கு வாசல் இரண்டு. ஒரு வாசலில் மட்டும் விடுதலை இருந்தால் மக்கள் குழம்பத்தான் செய்வார்கள்."

கதவு சுமக்கவும் மாட்டவும் காக்கவும் ஆள் வேண்டியிருந்தது. இரண்டாம் ஆணை வந்தது: ஒவ்வொரு வீடும் ஓர் இளைஞனைத் தரவேண்டும். பின்கதவு தந்த வீட்டார்மேல் மன்னர் வைத்த நம்பிக்கையின் அடையாளம் அது.

செங்கோதை அன்று காலையிலேயே முன்கதவைத் தாழிட்டுவிட்டாள். பின்வாசலைப் பாய்க்கட்டுகளை அடுக்கி அடைத்தாள். அடைத்த பாய்க்கட்டு கதவு ஆகுமா என்ற ஐயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் அழைப்பு அதிகாரி பொறையனார் முறை தவறாதவர். முன்வாசலுக்கு வந்து தட்டினார்.

"செங்கோதை அம்மாள் உள்ளே இருக்கிறீர்களா?"

"இருக்கேன்."

"கதவைத் திறக்க உத்தேசம் உண்டா?"

"இல்லை."

"நல்லது. நான் நிற்கிறேன்."

நின்றார். நெடுநேரம் நின்றார். உள்ளே அதியன் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"அம்மணி, இளைஞன் உள்ளே இருக்கிறானா என்று மட்டும் சொன்னால் போதும்."

"இருக்கான். சாப்பிட்டுட்டு இருக்கான்."

"என்ன சாப்பிடுகிறான்?"

"ஐயாவுக்கும் வேணுமா?" என்று அதியன் குரல் கொடுத்தான். கதவிடுக்கின் வழியே ஒரு பிடி கடலை வெளியே போயிற்று. பொறையனார் வாங்கிக்கொண்டார்.

"தம்பி, நீ நாட்டுக்கு வேண்டியவன்" என்றார் மென்றபடி.

"எந்த நாட்டுக்குங்க? நான் சண்டை போடப்போற ஊர்லதான் என் மாமனார் வீடு இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே மாமனாரை அடிச்சா நல்லாவா இருக்கும்? பின்னாடின்னாவது ஒரு ஞாயம் இருக்கு."

செங்கோதைக்குச் சிரிப்பு வந்தது. வெளியே பொறையனாரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. மாலைவரை நின்றுவிட்டு, வணக்கம் சொல்லிப் போனார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். தெரு முழுவதும் கதவுகள் சாத்தியிருந்தன. தெரு முழுவதும் அதிகாரிகள் நின்றார்கள். ஒருவர்கூட எந்தக் கதவிலும் கை வைக்கவில்லை. அந்த வாரத்தைப் போல் செங்கோதை தன் நாட்டை வேறு எப்போதும் நேசித்ததில்லை. தம்பி இருக்கிறான், நடுவில் ஒரு கதவு இருக்கிறது, அதற்கு வெளியே ஓர் அரசாங்கம் காத்துக்கொண்டு நிற்கிறது. இதைவிட ஒரு குடிமகளுக்கு என்ன வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

அவ்வேளையில் தேர்தல் வந்தது. மன்னருக்கு ஆலோசனை சொல்லும் அவையைத் தாழகத்து மக்களே தேர்ந்தெடுப்பார்கள். தேக்குக் கட்சி என்றும் பலாக் கட்சி என்றும் இரண்டு இருந்தன. திரைநாட்டுக்குத் தேக்குக் கதவே அனுப்ப வேண்டும், அதுவே நம் மானத்துக்கு அழகு என்றது முதல் கட்சி. பலாக் கதவு எடை குறைவு, விரைவாக அனுப்பலாம், தேக்குக் கட்சியின் மந்தபுத்தியால்தான் கதவளிப்பு தாமதமாகிறது என்றது இரண்டாவது கட்சி. வாக்குவாதம் கடுமையாக இருந்தது. அண்ணனும் தம்பியும் பேச்சை முறித்துக்கொண்டார்கள். கதவே அனுப்ப வேண்டாம் என்ற எயினர், எந்த மரத்தைப் பற்றியும் கருத்தில்லாதவர் என்பதால், வேட்பாளர் ஆகும் தகுதியை இழந்தார்.

வென்றது பலாக் கட்சி. வந்த உடனே அது முன்கதவுகளைக் கேட்டது. தேக்காக இருந்தாலும் பரவாயில்லை என்று பெருந்தன்மையோடு அறிவித்தது.

ஆணையைப் படித்துக் காட்டியபோது ஆற்றங்கரைத் தெருவில் யாரும் முணுமுணுக்கவில்லை. பலருக்கு அது கதவைப் பற்றிய ஆணையாகவே பட்டது. செங்கோதைக்கு மட்டும் அப்படிப் படவில்லை. அவள் பொறையனாரிடம் போனாள்.

"ஐயா, கதவை எடுத்துட்டா உரிமை போயிடுமே?"

"யார் சொன்னது?" பொறையனார் உண்மையாகவே அதிர்ந்தார். "சாத்திய கதவுக்குள் எவரும் நுழையலாகாது என்ற நம் முன்னோர் மரபை மன்னர் இம்மியளவும் தொடவில்லை. அது முழுவதுமாக நடைமுறையில் இருக்கிறது. கதவு சாத்தியிருக்கும் எந்த வீட்டுக்குள்ளும் நாங்கள் நுழைய மாட்டோம்."

"சாத்தக் கதவு வேணுமே!"

"அது வேறு துறை, அம்மணி."

முன்கதவை வெளியிலிருந்தே கழற்றிப் போனார்கள்; கழற்றுவது நுழைவதாகாது என்று ஆணை விளக்கியது. அன்று அவள் திரைநாட்டுக் கோரைத் திரை ஒன்றை எடுத்து முன்வாசலில் தொங்கவிட்டாள். தென்கரையில் வெளியாள் திரைக்கு வெளியே நின்று மூன்று முறை கூப்பிடுவான். பதில் வராவிட்டால் போய்விடுவான். அவளும் பல வீடுகளில் அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள், பதில் வராமல் திரும்பியும் இருக்கிறாள். அந்தப் பழக்கம் ஆற்றைக் கடந்து வந்து தன்னைக் காப்பாற்றும் என்று அவள் நம்பினாளா என்பது தெரியவில்லை. தொங்கவிடுவதற்கு வேறொன்றும் அவளிடம் இல்லை.

பொறையனார் வந்தார். இந்த முறை தட்டவில்லை. தட்டுவதற்கு எதுவும் இல்லை. திரையை ஒரு விரலால் விலக்கினார்.

"பகைநாட்டுப் பொருளைக் காட்சிக்கு வைப்பது குற்றம், அம்மணி. நான் பார்க்காததாக வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, அதைக் கவனமாகச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

அதியன் எழுந்து நின்றான். செங்கோதை அவன் தலையைத் தொடக் கையை உயர்த்தினாள், எட்டவில்லை. அவன் குனிந்தான்.

"போயிட்டு வந்துடுவேன்க்கா. கதவு மாட்டுற வேலைதானே."

"வந்துடு" என்றாள் அவள். "எப்படியாவது வந்து சேர்ந்துடு."

அதற்குப் பின் வந்த காலம் அமைதியாகவே இருந்தது. கதவில்லாத வீடுகளில் திருடர் நுழையக் கூடும், அல்லது திரைநாட்டு ஒற்றர் நுழையக் கூடும் என்பதால், பின்வாசல்கள் மண்சுவர் எழுப்பி மூடப்பட்டன, வீட்டுக்கொரு காவலர் அமர்த்தப்பட்டார். காவலருக்கு வீட்டாரே சோறு போட்டார்கள். செங்கோதை வீட்டில் இருந்த காவலர் தீங்கற்றவர். கூடத்தில் உட்கார்ந்து, அவள் யாரோடு என்ன பேசுகிறாள் என்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார். சில நேரம் குழம்பில் உப்புக் குறைவு என்பார். ஆற்றில் வணிகப் படகுகள் தடைசெய்யப்பட்டதால் பாய் வியாபாரம் நின்றது. பாய் நின்றதால் வெல்லம் காய்ச்சுபவர்கள் ஆலையை மூடினார்கள். ஆலை மூடியவர்களின் பிள்ளைகள் வேறு வழியின்றித் தாங்களாகவே படையில் சேர்ந்தார்கள். மக்களின் எழுச்சி என்று அதைத் தொலைநோக்கனார் அவையில் சுட்டிக்காட்டினார். ஏரிக்குக் கரை கட்டப்படவில்லை. கட்டுவதற்கு இப்போது ஆட்களும் இல்லை.

எயினர் ஒருநாள் சந்தையில் நின்று, "அயலானைத் திருத்தப் போகிற அரசாங்கம் முதலில் தன் மக்களின் கையில் இருப்பதைத்தான் வாங்கும். வாங்கியதை எந்த அரசாங்கமும் வாங்கின மாதிரியே திருப்பித் தந்ததில்லை" என்று பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் காவலர்கள். அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று கூறி அவரை ஓய்வுக்கு அழைத்துப்போனார்கள்.

செங்கோதை எதைப் பற்றியும் பேசவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். ஆற்றிலிருந்து படைப்படகு வரும்போதெல்லாம் துறைக்குப் போய் இறங்கும் முகங்களைப் பார்ப்பாள். காயம்பட்டவர்கள் இறங்குவார்கள். துணி மூடிய கட்டில்கள் இறங்கும். அவை கட்டில்கள் அல்ல, யாரோ தந்த கதவுகள். ஒவ்வொரு துணியையும் விலக்கிப் பார்க்கும் தைரியம் அவளுக்கு வந்துவிட்டது. அதியன் எதிலும் இல்லை. இல்லை என்ற மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்து காவலருக்குச் சோறு வடிப்பாள்.

கடைசியில் கதவளிப்பு நிறைவுற்றதாக முரசறைந்தார்கள். திரைநாட்டில் இப்போது கதவுப் பட்டறைகளே அமைந்துவிட்டன. இனி அவர்களுடைய கதவுகளை அவர்களே செய்துகொள்வார்கள். ஆகவே தாழகத்துக் கதவுகள் அவற்றைத் தந்த மக்களுக்கே திரும்பும் என்றது அறிவிப்பு. மன்னர் மாளிகை முகப்பில் தோன்றினார். "உங்களிடம் வாங்கியதைத் திருப்பித் தருகிறேன். எந்த அரசன் இப்படிச் செய்தான்?" என்றார். கூட்டம் அழுதது. செங்கோதையும் அழுதாள். கதவுகள் திரும்பினால் அவற்றைச் சுமந்தவர்களும் திரும்புவார்கள் அல்லவா?

திரும்பினார்கள். திரும்பியவர்களுக்கு வேலை வேண்டியிருந்தது. அவர்கள் அறிந்த வேலையோ ஒன்றுதான். ஆகவே அவர்களைக் கதவுக் காவற்படை என்று அமைத்து, வீடுகளில் இருந்த காவலர்களுக்குப் பதிலாக, ஒவ்வொருவரையும் அவரவர் தெருவுக்கே அனுப்பினார்கள். சொந்த ஊர்க்காரன் என்றால் மக்கள் நம்புவார்கள் என்பது தொலைநோக்கனாரின் யோசனை.

ஒரு காலைப்பொழுதில் அதியன் வந்தான். தோளில் கதவு, இடுப்பில் சுத்தியல். மெலிந்திருந்தான், தாடையில் ஒரு தழும்பு. செங்கோதை ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கை மரம்போல் இருந்தது.

"வந்துட்டியாடா. வந்துட்டியா."

"வந்துட்டேன்க்கா. தள்ளு, கதவை வைக்கணும்."

"அது அப்புறம் வைக்கலாம். உக்காரு. சோறு போடுறேன்."

"வேலை முடிச்சிட்டு சாப்பிடுறேன். தெருவுல இன்னும் நிறைய வீடு இருக்கு."

அவள் பின்வாங்கி உள்ளே நின்று பார்த்தாள். அவன் திறமையாக வேலைசெய்தான். முன்பு ஓர் ஆணி அடிப்பதற்குள் நான்கு கதை சொல்லுவான். இப்போது ஒரு சொல்லும் இல்லை. கதவு அவளுடையதுதானா என்று தெரியவில்லை. எங்கோ எரிந்த கரி அதன் ஒரு மூலையில் இருந்தது.

"டேய், குவளை எப்படிடா இருக்கா?"

"இருக்கா. அவ வீட்டுக்கு நானேதான் கதவு வச்சேன்." அவன் கீலைச் சரிபார்த்தான். "நல்ல கதவு. உள்ளதான் இருக்கா."

அவன் ஒரு தாழ்ப்பாளை எடுத்துப் பலகையில் வைத்து அளவு பார்த்தான். பிறகு கதவைச் சுற்றிக்கொண்டு தெருப்பக்கம் போனான். ஆணி இறங்கும் ஓசை வெளியிலிருந்து கேட்டது.

"அதியா, அந்தப் பக்கம் எதுக்குடா அடிக்கிற? தாழ்ப்பாள் உள்ளல்ல வரணும்!"

"உள்ள வச்சா அவங்க பூட்டிக்கிட்டு கல்லு சேர்ப்பாங்க. நாங்க எவ்வளவு பேரைப் பறிகொடுத்திருக்கோம் தெரியுமா? அப்புறந்தான் கத்துக்கிட்டோம். வெளிய வச்சதுக்கு அப்புறம் ஒரு கல்லு வரலை. ஊரே அமைதி."

"அவங்கன்னா யாருடா? இது நம்ம வீடு. நான் உன் அக்கா."

சுத்தியல் ஒரு கணம் நின்றது. அவன் முகம் கதவு விளிம்பில் தெரிந்தது. அவள் வளர்த்த முகம்தான். அதில் கோபம் இல்லை, கொடுமை இல்லை. வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்ற அக்கறை மட்டும் இருந்தது.

"வேற மாதிரி மாட்ட எனக்குத் தெரியாதுக்கா" என்றான்.

கதவு சாத்திக்கொண்டது. நெடுநாளுக்குப் பிறகு கூடத்தில் இருள் வந்தது. வெளியே தாழ்ப்பாள் வழுக்கி உட்காரும் ஒலி, எண்ணெய் போட்டிருந்ததால், மென்மையாகவே கேட்டது. செங்கோதை பலகையில் உள்ளங்கையை வைத்தாள். மறுபக்கத்தில் அவன் சாய்ந்து நிற்பது கைக்குத் தெரிந்தது.

"பயப்படாதக்கா" என்றான் அதியன். "நான் வாசல்லயேதான் இருக்கேன்."